கடல் வற்றும்போது அது யார் நிலம்? புளூ மட் பே வழக்கு

ஆஸ்திரேலியாவின் வடகரையில், ஆர்னம் லாந்து என்ற பகுதியில், புளூ மட் பே என்ற விரிகுடாவின் கரையில், கரங்காலி என்று ஓர் இடம் இருக்கிறது. கார்ப்பென்டாரியா வளைகுடாவை ஒட்டிய சதுப்பு, முதலைகள் முட்டையிடும் இடம். அந்தக் கரையில் வாழும் யோல்ங்கு மக்களில் மடார்ப்பா குலத்தாருக்கு முதலைதான் முன்னோர். அவருக்குப் ‘பாரு’ என்று பெயர். அவர்களுக்குக் கரங்காலி எப்பேர்ப்பட்ட இடம் என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

1996-ல், அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்த வாக்கா முனுங்குர் அங்கே போனார். யாரோ முகாம் போட்டிருந்த தடம் தெரிந்தது. கொடுவா மீனுக்காக வந்தவர்கள். அங்கே அதற்குப் பாரமுண்டி என்று பெயர், நல்ல விலை போகும். யாரிடமும் கேட்டுவிட்டு வரவில்லை. சாமான்களுக்கு நடுவே ஒரு சணல் சாக்கு கிடந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே வெட்டிய முதலைத் தலை.

போலீசில் புகார் கொடுக்கலாம், ஆள் பிடித்துச் சண்டைக்குப் போகலாம். குலத் தலைவர் ஜம்பாவா மராவிலி வேறு வழியில் போனார். அக்கம்பக்கத்துக் குலங்களை எல்லாம் கூட்டி, அவரவர் கடலை அவரவர் வரைந்து காட்டுங்கள் என்றார். 47 ஓவியர்கள், 80 மரப்பட்டை ஓவியங்கள். 1999 முதல் அவை ஆஸ்திரேலிய நகரங்களில் ஊர் ஊராகக் காட்சிக்குப் போயின. பிறகு சிட்னியில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் தொகுப்பை வாங்கிக்கொண்டது.

பார்க்க வந்தவர்களில் நிறையப் பேர் அழகான பழங்குடிக் கலை என்று ரசித்துவிட்டுப் போயிருப்பார்கள். வரைந்தவர்களுக்கு அது சொத்துப் பத்திரம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கின் வேர் அந்தச் சாக்குப்பையில்தான் இருக்கிறது.

பட்டையில் என்ன எழுதியிருக்கிறது

மழைக்காலத்தில் மரத்தில் சாறு ஓடும்போதுதான் பட்டை சிதையாமல் உரிந்து வரும். யூக்கலிப்டஸ் வகை மரம் ஒன்றில் இரண்டு இடத்தில் சுற்றி வெட்டி, நெடுக ஒரு கீறல் போட்டு, முழுத் துண்டாக உரிப்பார்கள். அதைத் தீயில் வாட்டி, கல்லை ஏற்றித் தட்டையாக்கிக் காய வைக்க வேண்டும். நிறங்கள் செங்காவி, மஞ்சள் காவி, வெள்ளைக் களிமண், கரி. நுண்கோடு போடும் தூரிகை மனிதத் தலைமுடியில் செய்தது. நீளமான சில முடிகளைக் குச்சி நுனியில் கட்டி, நிறத்தில் தோய்த்து, முழு நீளத்துக்கும் படிய வைத்து இழுப்பார்கள். ஒரு இழுப்புக்கு ஒரு கோடு. ஒரு பட்டை நிறைய ஆயிரக்கணக்கான கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் போகும்.

அந்தக் கோடுகள் கட்டும் வடிவத்தில்தான் விஷயம் இருக்கிறது. மடார்ப்பா ஓவியங்களில் வைர வடிவங்கள் சங்கிலிபோல் வரும். அதன் கதை இது. பாருவின் குடிசை தீப்பற்றியது, முதுகு வெந்தது, அவர் தீயோடு கடலில் பாய்ந்தார். முதலை முதுகில் இன்றும் தெரியும் சொரசொரப்பு அந்தத் தழும்பு. தீ அணையவில்லை, யத்திக்பா என்ற இடத்தில் கடலுக்கு அடியில் எரிந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் கடற்பசுவை எறிஈட்டியோடு துரத்திப்போன வேடர்களின் தோணி அங்கேதான் கொதித்துக் கவிழ்ந்தது.

இந்த வைர வடிவத்தைப் பக்கத்துக் குலங்கள் சிலவும் வரைகின்றன, ஆனால் அதே அளவில், அதே அமைப்பில் வரையக் கூடாது. நீளம் கூடும், குறையும், உள்ளே நிரப்பும் கோடு மாறும். தெரிந்தவர்கள் பார்த்தவுடன் இது இன்னார் நீர் என்று சொல்லிவிடுவார்கள். நம் புல எண்ணில் சாய்கோடு போட்டு உட்பிரிவு வருகிறதே, ஏறக்குறைய அந்த வேலைதான். ஒரு குலத்தின் வடிவத்தை இன்னொருவர் அனுமதியில்லாமல் வரைந்தால் அது கள்ளப் பத்திரம் எழுதியது போல.

இன்னொன்றும் உண்டு. நம் வரைபடம் ஒன்றில் கடல் வெறும் நீல நிறம். கரைக்கோடு, ஆழ எண்கள், அப்புறம் ஒன்றுமில்லை. யோல்ங்கு ஓவியத்தில் நீருக்குள் பிரிவுகள் இருக்கின்றன. ஆற்று நன்னீர் உப்புநீரில் கலக்கும் இடம் ஒரு பெயர், கலங்கல் முடிந்து தெளியும் இடம் வேறு பெயர். அதற்கும் வெளியே பல குலங்கள் பங்கு வைத்துக்கொள்ளும் ஆழ்கடல் நீருக்கு முங்குரு என்று பெயர். அடிவானத்தில் எழும் மழைமேகம் வரை யாருடையது என்று கணக்கு இருக்கிறது. படம் ஒரு பாதிதான். மறுபாதி பாட்டில் இருக்கிறது. சாவு வீட்டில் பாடும்போது நீரோட்டம் போகும் வரிசையிலேயே இடப்பெயர்களை அடுக்கிப் பாடுவார்கள். எல்லையைக் கால்நடையாகச் சுற்றிக் காட்டுவதற்குப் பதில் பாடிக் காட்டுகிறார்கள்.

கடலில் உரிமை இருக்குமா, அது நகரும் நீராயிற்றே என்று கேட்பவர்களுக்குப் பழவேற்காடு ஞாபகம் வர வேண்டும். அங்கே பாடு முறையில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்பது தலைமுறை தலைமுறையாகத் தீர்மானமானது. தாலுகா ஆபீஸில் போய்த் தேடினால் கிடைக்காது. அதனால் உரிமை இல்லை என்று அந்த ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள்.

பெயர் வைத்தவரும் அனுமதி கேட்டவர்களும்

புளூ மட் பே என்ற பெயர் 1803 ஜனவரியில் வந்தது. மாத்யூ ஃப்ளிண்டர்ஸ் இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் ஆஸ்திரேலியக் கரையை அளந்துகொண்டு வந்தார். விரிகுடாவின் அடியில் நீல நிறத்தில் நயமான சேறு, மண்பாண்டம் செய்ய உதவும் என்று எண்ணி அந்தப் பெயரை வைத்தார். அந்தச் சில நாட்களில் அவருடைய ஆட்களுக்கும் யோல்ங்குக்கும் மோதல் வந்து ஒரு யோல்ங்கு சுட்டுக் கொல்லப்பட்டார். வரைபடத்தில் சேறு மட்டும்தான் ஏறியது.

அடுத்த மாதமே ஃப்ளிண்டர்ஸுக்கு ஓர் ஆச்சரியம். போகும் வழியில் ஆறு பாய்மரப் படகுகள் நின்றன. இன்றைய இந்தோனேசியாவின் மக்காசரிலிருந்து வந்தவர்கள். தலைவர் பெயர் பொபாசூ. வந்தது கடல் அட்டைக்கு. ஆமாம், 2001-ல் இந்தியா தடை போடும்வரை நம் மன்னார் வளைகுடாக் கரையில் பிடித்த, யாழ்ப்பாணத்தில் பிடிக்கிற அதே இனத்துச் சரக்கு, போய்ச் சேர்வதும் அதே சீனச் சந்தை. ஒவ்வொரு வருடமும் பருவக்காற்றில் வந்து, அட்டையை அவித்துக் காயவைத்து, காற்று திரும்பும்போது போவார்கள். 1907 வரை இது நடந்தது. அரிசி, துணி, கத்தி, புகையிலை கொடுத்துக் கரையில் தங்கினார்கள். அவர்கள் தின்று துப்பிய கொட்டையில் முளைத்த புளியமரங்கள் ஆர்னம் லாந்துக் கரையில் இன்றும் நிற்கின்றன. யோல்ங்கு மொழியில் பணத்துக்கு ‘ருபியா’ என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளைக்காரருக்கு ‘பலந்தா’, ஹாலந்துக்காரர் என்பதன் திரிபு.

இதை நான் சும்மா சுவைக்காகச் சொல்லவில்லை. வெளியார் வந்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, இவர்கள் கடலில் தொழில் செய்துவிட்டுப் போகும் வழக்கம் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே அங்கே நடைமுறையில் இருந்தது. சாக்குப்பையை விட்டுப்போன மீனவர்கள் மீறியது புதிதாகக் கண்டுபிடித்த விதியை அல்ல.

சட்டத்தின் வழி

இந்த மக்கள் பட்டையை எடுத்துக்கொண்டு அரசிடம் போனது முதல்முறையும் அல்ல. 1963-ல் ஆர்னம் லாந்தின் யிர்க்காலா என்ற ஊரை ஒட்டி 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலத்தைப் பாக்சைட் சுரங்கத்துக்கு ஒதுக்கினார்கள், கேட்காமலே. யோல்ங்கு தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த மனுவைப் பட்டையில் ஒட்டி, சுற்றிலும் குல வடிவங்களை வரைந்து, நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மனு காகிதம், ஓரம் பத்திரம். நாடாளுமன்றம் காகிதத்தைப் படித்தது. சுரங்கம் வந்தது.

வழக்குப் போட்டார்கள். 1971-ல் நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பு ஒரு விசித்திரம். இவர்களிடம் நுட்பமான சட்ட ஒழுங்கு இருக்கிறது என்று மனதார ஒப்புக்கொண்டார். ஆனால் அது சொத்துரிமை ஆகாது என்றார். நிலம் குலத்துக்குச் சொந்தம் என்பதைவிடக் குலம் நிலத்துக்குச் சொந்தம் என்பதுதான் சாட்சியத்தில் தெரிகிறது, ஆகவே அது ஆங்கிலச் சட்டத்தின் சொத்துக் கட்டத்துக்குள் அடங்காது என்பது அவர் கணக்கு. கட்டம் தவறாக இருக்கலாம் என்று தோன்றவில்லை.

தோற்ற வழக்கு அரசியலில் பலித்தது. நீதிபதி உட்வர்ட் தலைமையில் விசாரணை ஆணையம் வந்தது. 1974 அறிக்கையில் அவர், கரையோரப் பழங்குடி நிலம் என்றால் வற்றுநீர்க் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டர் கடலையும் அதில் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1976-ல், ஆர்னம் லாந்து அடங்கிய வடக்குப் பிரதேசத்துக்கான பழங்குடி நில உரிமைச் சட்டம் நிறைவேறியபோது அந்த 2 கிலோமீட்டர் உரிமையாக வரவில்லை. கடலை மூடலாம் என்ற அதிகாரமாகச் சுருங்கி, பிரதேசச் சட்டமன்றத்தின் கைக்குப் போனது. விண்ணப்பித்து, விசாரணை நடந்து, அரசு இசைந்தால் மூடலாம். அந்த வழியில் அதிக தூரம் போக முடியவில்லை.

நிலம் மட்டும் வந்தது. 1980-ல் ஆர்னம் லாந்து பழங்குடி நில அறக்கட்டளையின் பெயருக்கு முழு உரிமைப் பட்டயம். அதன் எல்லை விவரத்தில் கரை வரும் இடத்தில் ‘வற்றுநீர்க் கோடு வரை’ என்று எழுதியிருந்தது. கடல் முழுதாக வற்றி இறங்கி நிற்கும் இடம். பொதுவாகக் கரை நிலங்களுக்கு எல்லை, நீர் ஏறி நிற்கும் கோட்டோடு நின்றுவிடும். இங்கே இறங்கும் கோடு. அதே 1980-ல் இன்னொரு சட்டம், தாழ்ந்த நீரிலிருந்து 3 கடல் மைல் வரை கடல் தரையின் உரிமையை வடக்குப் பிரதேச அரசுக்குக் கொடுத்தது. ஆக, இரண்டு பதிவேடுகள் அந்த ஒரே கோட்டில் முதுகோடு முதுகு உரசி நின்றன. ஏறுநீருக்கும் வற்றுநீருக்கும் நடுவில் தினமும் நனைந்து காயும் நிலப்பட்டையைப் பற்றி யாரும் நெடுநாள் பெரிதாக யோசிக்கவில்லை.

பதிவேடு என்ற பேச்சு வந்ததால் ஒரு கொசுறு. ஆஸ்திரேலிய நிலப் பதிவு முறையைக் கொண்டுவந்தவர் ராபர்ட் டாரன்ஸ். அடிலெய்டில் சுங்கத் துறைத் தலைவராக இருந்தவர். கப்பல்களைப் பதிவேட்டில் ஏற்றி உரிமை மாற்றும் சுலபமான முறையைப் பார்த்துத்தான் நிலத்துக்கும் அதே மாதிரி யோசித்தார் என்பார்கள். 1858-ல் அவருடைய சட்டம் அமலுக்கு வந்தது. நிலத்தைப் பதியும் வழியைக் கடலில் மிதக்கும் மரக்கலம் கற்றுக்கொடுத்தது. கடலைப் பதிய மட்டும் பக்கம் ஒதுக்கவில்லை.

1992-ல், மாபோ என்ற தீவுக்காரர் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்து, ஆஸ்திரேலியா ஆளில்லா நிலம் என்ற பழைய கதை கலைந்தது. பூர்வகுடி உரிமை நிலத்தில் உண்டு என்றானது. கடலில்? 2001-ல் குரோக்கர் தீவு வழக்கில் பதில் வந்தது. உண்டு, ஆனால் பிறரைத் தடுக்கும் உரிமை கிடையாது. மீன்பிடிக்கவும் கப்பல் ஓட்டவும் பொதுமக்களுக்கு உள்ள உரிமை அதோடு ஒத்துப்போகாது என்றார்கள். சாவி உண்டு, கதவு கிடையாது என்ற நிலைமை.

மணலில் கூடிய நீதிமன்றம்

புளூ மட் பே குலங்கள் இதற்குப் பிறகும் விடவில்லை. 2004-ல் ஃபெடரல் நீதிமன்ற நீதிபதி செல்வே விசாரணைக்காகப் பனியாலா என்ற கரையோரக் குடியிருப்புக்கே வந்தார். வரவேற்பு என்று நீதிமன்றம் நினைத்திருக்கும். யோல்ங்கு தங்கள் சடங்கோடு ஆடிப் பாடி விசாரணையைத் தொடங்கினார்கள். அவர்கள் பார்வையில் இது வழக்கின் முதல் சாட்சியம். இது எங்கள் சட்டம், நீங்கள் இதற்குள் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஆடிக் காட்டியாயிற்று. குலங்களின் உறவுமுறை, ஓவியம், பாட்டு பற்றி மானிடவியலாளர் ஹோவர்ட் மார்ஃபியும் மொழியியலாளர் பிரான்சஸ் மார்ஃபியும் விரிவாக ஆவணப்படுத்திக் கொடுத்தார்கள்.

2005 தீர்ப்பில் செல்வே, இவர்களுடைய மரபுச் சட்டப்படி நிலமும் நீரும் குலங்களுக்கு உரியவை என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால் முந்தைய தீர்ப்புகள் கையைக் கட்டிவிட்டன. கடலில் தடுக்கும் உரிமை இல்லை, நனைந்து காயும் நிலப்பட்டையிலும் இல்லை. குலங்கள் மேல்முறையீடு செய்தன. 2007-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு திருப்பிப் போட்டது. வடக்குப் பிரதேச அரசு ஹை கோர்ட்டுக்குப் போனது. அங்கே ஹை கோர்ட் என்றால் நம் உச்ச நீதிமன்றம் மாதிரி, அதற்கு மேல் இல்லை.

அரசுத் தரப்பு வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கொடுத்தது நிலம். நீர் ஏறி நிற்கும்போது அடியில் இருக்கும் மண் உங்களுடையது. மேலே நிற்கும் நீரில் மீன்வளத் துறை கொடுத்த உரிமத்தோடு யாரும் வரலாம். ஒரு நாளில் சில மணி நேரம் உங்கள் வீடு, மீதி நேரம் பொதுவழி என்பது போல.

2008 ஜூலை 30 அன்று 5-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பட்டயம் கொடுத்தது எல்லைக் கோடுகளுக்கு உள்ளே இருக்கும் பரப்பை. அது ஈரமாக இருக்கும்போது ஓர் உரிமை, காய்ந்திருக்கும்போது ஓர் உரிமை என்று பிரிக்க இடமில்லை என்றது பெரும்பான்மை. மீன்பிடிக்கப் பொதுமக்களுக்கு இருந்த பழைய பொதுச்சட்ட உரிமையைப் பிரதேசத்தின் மீன்வளச் சட்டமே விழுங்கி, உரிமமாக மாற்றிவிட்டது. மீன் பிடிக்கும் உரிமம் மீனைப் பற்றியது. அடுத்தவர் எல்லைக்குள் நுழையும் அனுமதி அதில் இல்லை. பழங்குடி நிலத்தில் அனுமதியின்றி நுழைவது 1976 சட்டப்படி குற்றம். ஆகவே, அந்த நிலப்பட்டையின் மேல் நிற்கும் நீரில் மீன் பிடிக்க நில உரிமையாளர்களின் அனுமதி வேண்டும். ஒரு விரிகுடாவின் வழக்காகத் தொடங்கியது, வடக்குப் பிரதேசக் கரையில் சுமார் 80 சதவீதத்துக்குப் பொருந்தும் சட்டமாக முடிந்தது.

வென்றது எந்தப் பத்திரம்

ஜெயித்தார்கள், சரி. எதை வைத்து ஜெயித்தார்கள் என்று பார்த்தால்தான் எனக்கு உறுத்துகிறது. பூர்வகுடி உரிமை என்ற சட்டத்தின் கீழ் அவர்களுக்குக் கடலில் கிடைத்தது குரோக்கர் தீவுக்குக் கிடைத்ததுதான், தடுக்க முடியாத உரிமை. மராவிலியும் மற்ற 46 பேரும் முடியிழைத் தூரிகையால் நீரோட்டம் நீரோட்டமாகக் காட்டியதை ஹை கோர்ட் எடை போட்டு உரிமை கொடுக்கவில்லை. 1980 பட்டயத்தில் எழுதியிருந்த ஒரே ஒரு எல்லைச் சொல் கொடுத்தது. அந்தச் சொல் ‘ஏறுநீர்’ என்று இருந்திருந்தால் இந்த வழக்கே நின்றிருக்காது. தாத்தா காலத்து உரிமையை, அரசாங்கம் அச்சடித்த காகிதத்தின் ஒரு வார்த்தை காப்பாற்றியது.

அதற்காகப் பட்டைகள் வீண் என்று சொல்லமாட்டேன். குலங்களை ஒன்றாக நிற்க வைத்தது அந்தத் தொகுப்பு. பட்டயத்தை எடுத்து நீட்ட யாராவது வேண்டுமே, அவர்களை நீதிமன்ற வாசலுக்குக் கொண்டுவந்தது அதுதான். ஆனால் நில ஆவண வேலை பார்ப்பவர்கள் இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எல்லை விவரம் எழுதும் இடம். அளந்தவரும் எழுதியவரும் பெரும்பாலும் நிலத்தை நினைத்துத்தான் கோடு போட்டிருப்பார்கள். நீர் அந்தக் கோட்டின் மேல் ஏறும்போது என்ன ஆகும் என்பதை 28 வருடம் கழித்து ஐந்து நீதிபதிகள் சொல்ல வேண்டியிருந்தது. சேற்றுச் சமவெளிக் கரையில் அந்தக் கோடு கண்ணுக்கும் தெரியாது. வேலி போட முடியாது, கல் நட முடியாது. நீர் சற்றே இறங்கினால் சேறு வெகுதூரம் வெளியே வரும்.

தீர்ப்பு வந்த கையோடு யாரும் படகுகளை விரட்டவில்லை. பழங்குடியினர் சார்பில் பேசும் வடக்கு நிலக் கவுன்சில், பேச்சுவார்த்தை முடியும்வரை வழக்கம்போல் மீன்பிடிக்க இடைக்கால அனுமதி கொடுத்தது. அதைத் திரும்பத் திரும்ப நீட்டிக்க வேண்டியிருந்தது. பத்தாண்டுகள் தாண்டியும் பேச்சு ஓடியது. தூண்டில் போட வரும் பொழுதுபோக்கு மீனவர்கள், வலைக்காரர்கள், சுற்றுலாப் படகு நடத்துபவர்கள், அரசு, எல்லோருக்கும் ஒரு பங்கு பேச்சு இருந்தது. இதற்கிடையில் யோல்ங்கு கடற்காவலர்கள் தங்கள் கரையில் ரோந்து போகிறார்கள்.

80 பட்டைகள் சிட்னி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2017-ல் மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள். 1963 மனு கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கிறது. வற்றுநீர்க் கோட்டைத் தாண்டிவிட்டால், அந்தப் பக்கம் பெரும்பாலும் பிரதேசத் தலைநகர் டார்வினில் கொடுக்கும் உரிமம் மட்டும் போதும். யத்திக்பா ஓவியத்தில் தீ எரிவது நீருக்கு அடியில்.